அனாமத்துச் சாக்கடை

அத்தியாயம் 5

சாக்கடை மூடியைத் தூக்கியதும் துப்பறிவாளர் துருவி எகிறிப் பின்னால் குதித்தார். மூக்கில் வைத்திருந்த தைலக் கைக்குட்டை ஒன்றுக்கும் உதவவில்லை. காலையில் சாப்பிட்டது தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே நிலைமை இன்னும் மோசம் என்று தெரிந்து திரும்பிப் போனது.

"சீ! கர்மம்!"

"பாஸ், துப்பறியறதுன்னா பூதக்கண்ணாடியும் கையுமா பணக்காரங்க வீட்டு மாடிப்படியில ஏறி இறங்கறதுன்னு சொல்லித்தானே என்னை வேலைக்குச் சேர்த்தீங்க?" என்றாள் ரேடியோ, மூடியின் மறுமுனையைப் பிடித்தபடி. "இங்க கண்ணாடியே வேணாம். பூதம் நேராவே உள்ள உக்காந்திருக்கு."

ரேடியோவுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று தெரியாது. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை ஆரம்பித்தால் அணைக்கிற பொத்தான் கிடையாது. துருவியின் பெயர் அவருடைய பழைய ஆபீசில் வைத்தது. அங்கே அவர் ஆடிட்டராக இருந்தார். எந்தக் கணக்கையும் துருவித் துருவிக் கேட்டுப் பல முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுத்து, கண்டும் காணாமல் இருக்கத் தெரியாத ஆள் என்ற கெட்ட பெயரோடு வெளியே வந்தார். இப்போது துப்பறிகிறார். சுத்தம் என்றால் மனுஷனுக்குப் பைத்தியம். பஸ் கம்பியைத் தொட்டாலே கை கழுவுகிறவர். அப்படிப்பட்டவருக்கென்று பார்த்து இந்தக் கேஸ் வந்து வாய்த்திருந்தது.

அவர்கள் நின்றது ஒரு சலவைக்கூடத்தின் பின்பக்கம். முன்பக்கம் குறுகலான சந்து. சந்து நெடுகச் சின்னச் சின்னப் பட்டறைகள்: குழாய்களுக்கு முலாம் பூசுகிற இடம், பெயின்ட் அடிக்கிற ஷெட், ஒரு அச்சகம், இந்தச் சலவைக்கூடம். எல்லோருடைய கழிவும் பின்னால் ஓடுகிற ஒரே பொதுச் சாக்கடையில் விழுந்து, சந்துக் கோடியில் இருக்கிற சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரும். அதில் ஓடுவதைத் தண்ணீர் என்று சொன்னால் தண்ணீர் கோபித்துக்கொள்ளும். மஞ்சளாக, கொழகொழவென்று, ஓரமெல்லாம் நுரை கட்டி, மேலே எண்ணெய்ப் படலம் மினுமினுத்துக்கொண்டு நகர்ந்தது. இதையும் ஒரு மனுஷன் திறந்து விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறானே என்று நினைத்தபோது துருவிக்கு மறுபடி குமட்டியது.

"பார்த்துக்கங்க சார்," என்றாள் லாண்டரி அக்கா.

அந்தச் சந்தில் அவளுக்கு அதுதான் பெயர். வேறொரு சலவைக்கூடத்தில் கூலிக்குத் துவைத்து, அங்கே பழசென்று கழித்த மெஷின்களை வாங்கி வந்து, தனியாக நின்று தொழில் நடத்துகிறவள். தண்ணீரிலேயே ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"எங்ககிட்ட வர்றது ஆஸ்பத்திரித் துணி. ரத்தம், சீழ், வாந்தி, எல்லாம் இருக்கும். முகம் சுளிக்காம துவைச்சு வெள்ளையா அனுப்பறோம். எங்களைப் போய் ஊரை அசிங்கம் பண்றவங்கன்னு எழுதியிருக்காங்களே!"

மாசுத்தடுப்பு ஆபீசிலிருந்து வந்த நோட்டீஸ் அப்படித்தான் சொன்னது. அவளுடைய சலவைக்கூடத்திலிருந்து உலோகக் கழிவு அளவுக்கு மீறி வெளியேறுகிறதாம். இன்று மத்தியானம் மாசுத்தடுப்பு அதிகாரி வந்து கதவைப் பூட்டி சீல் வைப்பாராம். சீல் விழுந்தால் ஆஸ்பத்திரி ஒப்பந்தம் கையை விட்டுப் போகும். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நாளை எங்கே போவது என்று தெரியாமல் நிற்க வேண்டியதுதான்.

"உலோகம் சலவைக்கு எதுக்குங்க?" என்று கேட்டார் துருவி.

"அதைத்தான் நானும் கேக்கறேன். சோப்பு, வெளுக்கிற பவுடர், சொட்டு நீலம். இதைத் தவிர ஒரு மண்ணும் போடறதில்ல."

பின்வாசல் படியில் ஒரு இளைஞன் நின்றிருந்தான். கஞ்சி போட்ட சட்டை, பளபளவென்று ஷூ, பத்தடி தள்ளியே அடிக்கிற சென்ட். அக்காவின் தம்பி. ஆடிட்டர். சலவைக்கூடத்து மாடி அறைதான் அவன் ஆபீஸ். படியை விட்டு ஒரு அங்குலம்கூட அவன் கீழே இறங்கவில்லை.

"எங்கக்கா வெகுளி சார்," என்றான். "அதிகாரிங்க டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிச்சுட்டாங்க. அதுல தப்பு சொல்ல முடியாது. எனக்கு முலாம் பட்டறைக்காரர் மேலதான் சந்தேகம். மண்ணுக்கடியில ஒரு பைப்பைப் போட்டு, அவர் கழிவை அக்காவோட தொட்டிக்குள்ள விடறாரு. பழி அக்கா மேல. நீங்க அந்தப் பைப்பைப் பிடிங்க. பிடிக்க முடியலேன்னா அபராதத்தைக் கட்டிட்டு ஒத்துக்கறதுதான் நல்லது."

அதைச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மாடிக்குப் போய்விட்டான்.

"தம்பி எனக்காக ரொம்பக் கவலைப்படறான்," என்றாள் அக்கா.

துருவி சாக்கடைக்கு முன்னால், சலவைக்கூடத்துக் குழாய் வந்து விழுகிற சின்னத் தொட்டியைக் குனிந்து பார்த்தார். அக்காவின் கழிவு அந்தத் தொட்டியில் விழுந்து, நிரம்பி வழிந்து, பிறகுதான் பொதுச் சாக்கடைக்குப் போகிறது. திருட்டுப் பைப் ஒன்று இருந்தால் அது இந்தத் தொட்டிக்குள்தான் முடிந்தாக வேண்டும்.

"ரெண்டு வெள்ளைத் துண்டு கொடுங்கம்மா. இனிமே துவைக்க முடியாத துண்டா இருந்தா நல்லது."

ஒரு துண்டைக் குச்சியில் கட்டித் தொட்டிக்குள் முக்கினார். சோப்பு நுரையோடு சாம்பல் நிறத்தில் வெளியே வந்தது. இன்னொன்றை வேறொரு குச்சியில் கட்டிப் பொதுச் சாக்கடையில் விட்டார். அது மஞ்சள் பிடித்து, பிசுபிசுத்து, பார்க்கவே அருவருப்பாக வந்தது.

"இந்த மஞ்சள் முலாம் பட்டறையோட சரக்கு," என்றார். "தொட்டியில அது இல்ல. இப்போதைக்கு இல்ல. கொஞ்சமா வந்தா நுரையில மறைஞ்சிருக்கும். சாயம் விட்டுப் பார்த்துடணும். அம்மா, உங்ககிட்ட சொட்டு நீலம் எவ்வளவு இருக்கு?"

"கேன்ல இருக்கு சார்."

துருவி ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ கேனைப் பார்த்தாள்.

"புரிஞ்சுபோச்சு பாஸ். நான் நல்ல பொண்ணா முலாம் பட்டறைக்குப் போய், எங்க பாத்ரூம் குழாய் கறுத்துப்போச்சு, முலாம் பூசணும்னு அளக்கணும். கை கழுவ இடம் கேக்கணும். அவரோட கழிவு ஓட்டையில நீலத்தை ஊத்தணும். நீங்க இங்க உக்காந்து நீலம் தொட்டியில வருதா, சாக்கடையில வருதான்னு பார்க்கணும். நான் நடிக்கணும், நீங்க வேடிக்கை பார்க்கணும். சம்பளம் மட்டும் தலைகீழா இருக்கு."

"போ."

"போறேன். நாத்தம் பிடிச்ச வேலைன்னு விளம்பரத்துலயே போட்டிருந்தா நான் அன்னிக்கே..." என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். அவள் குரல் சந்துத் திருப்பம் வரை கேட்டது.

அக்கா உள்ளே போய் மெஷின்களை நிறுத்தினாள். தொட்டியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது. துருவி கைக்குட்டையை இறுக்கிப் பிடித்தபடி சாக்கடையோரம் குந்தினார். ஈக்கள் அவரை உறவுக்காரராகவே ஏற்றுக்கொண்டு தோளில் வந்து உட்கார்ந்தன. ஓட்டிப் பார்த்தார். சாக்கடையைத் தொட்ட ஈ தன் சட்டையைத் தொடுகிறதே என்ற நினைப்பில் உடம்பெல்லாம் கூசியது.

கைபேசி அதிர்ந்தது. "ஊத்திட்டேன்," என்றாள் ரேடியோ, ஏதோ விஷம் வைத்துவிட்டவள் மாதிரி.

துருவி தொட்டியை வெறித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. சாம்பல் நிறத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஆனால் மேலே, பொதுச் சாக்கடையில், முலாம் பட்டறைப் பக்கமிருந்து ஒரு புது நிறம் மிதந்து வந்தது. மஞ்சளோடு நீலம் கலந்து, அடர்ந்த பச்சையாக, அவருடைய மூக்குக்குக் கீழேயே நகர்ந்து, தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துப் போய்விட்டது.

திருட்டுப் பைப்பும் இல்லை, மண்ணுக்கடியில் சதியும் இல்லை. முலாம் பட்டறைக்காரர் ஒளிவுமறைவே இல்லாமல் பட்டப்பகலில் பொதுச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருக்கிறார். அப்படியானால் அக்காவின் தொட்டியில் உலோகத்தைக் கண்டுபிடித்த மகராசன் யார்?

"அம்மா," என்று கூப்பிட்டார். "இந்தத் தொட்டியில பாட்டிலை முக்கித் தண்ணி எடுத்துட்டுப் போனாங்களா யாராவது?"

"இங்கயா? இல்லையே சார். இந்தப் பக்கம் நாங்க தவிர யாரும் வர்றதே இல்ல. நாத்தம் தாங்காது."

"அதிகாரி?"

"அவரு இன்னிக்குத்தான் முதல் தடவையா வர்றாரு."

துருவி மெதுவாக எழுந்தார். டெஸ்ட் பண்ணினார்கள் என்று சொன்னது நோட்டீஸ் இல்லை. சொன்னது சென்ட் அடித்த தம்பியின் வாய்.

முலாம் பட்டறைக்குள் நுழைந்தபோது துருவியின் கண் எரிந்தது. தொட்டி தொட்டியாக அமிலம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தரையெல்லாம் ஈரம். கால் வைத்த இடத்தில் ஷூ ஒட்டிக்கொண்டு பிரிந்தது. பட்டறை முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தபடி ரேடியோவுக்கு முலாம் வகைகளை விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து ஓட்டை வழியாக மஞ்சள் கழிவு களக் களக் என்று இறங்கியது.

"உங்க கழிவெல்லாம் எங்கங்க போகுது?" என்று கேட்டார் துருவி.

"கழிவா?" முதலாளி மார்பை நிமிர்த்தினார். "எங்க பட்டறையிலேர்ந்து ஒரு சொட்டுக் கழிவு வெளியே போறதில்ல சார். அதோ பாருங்க."

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்கியது. அதன் நீளமான பெயர் நிலைத்தன்மை அறிக்கை. வாயில் நுழையாததால் சந்தில் எல்லோரும் பச்சை ரிப்போர்ட் என்பார்கள். சின்னப் பட்டறைகளிடம் சரக்கு வாங்குகிற பெரிய கம்பெனிகள் இப்போது இதைக் கேட்கின்றன. எவ்வளவு தண்ணீர் எடுத்தாய், எவ்வளவு கழிவு விட்டாய், எவ்வளவு புகை கக்கினாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் ஆர்டர். ஒரு நகல் மாசுத்தடுப்பு ஆபீசுக்கும் போகும். இந்த ரிப்போர்ட்டில் கழிவு: இல்லை. கீழே முதலாளி ஒரு தொட்டிச் செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இளிக்கிற படம்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோதும் களக் களக் என்ற சத்தம் நிற்கவில்லை. சட்டத்துக்கு நேர் கீழேதான் ஓட்டை.

"அந்தச் சத்தம் என்னங்க?" என்றாள் ரேடியோ அப்பாவியாக.

"அது சும்மா, தண்ணி," என்றார் முதலாளி.

துருவிக்கு முலாம் பட்டறையின் நாற்றம்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அந்தச் சிரிப்பைத்தான் பார்க்க முடியவில்லை.

ரேடியோ படத்துக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாள். "பாஸ், இந்தத் தொட்டியோட வாயில ஒரு சில்லு பேந்திருக்கு பாருங்க. லாண்டரி அக்கா ரூம்ல மாட்டியிருக்கற படத்துலயும் இதே தொட்டி, இதே சில்லு, இதே செடி. வர்ற வழியில அச்சகத்துக் கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தேன். அங்கயும் இதுவேதான். இந்தச் செடி சந்து பூரா டூர் போகுது. வேர் விடவே நேரமிருக்காது, பாவம்."

"யாரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தது?" துருவி கேட்டார்.

முதலாளி மறைக்க வேண்டிய விஷயமாகவே அதை நினைக்கவில்லை. "நம்ம ஆடிட்டர்தான். லாண்டரி அக்காவோட தம்பி. சந்துல எல்லாப் பட்டறைக்கும் அவர்தான் எழுதறாரு. கெட்டிக்காரப் பையன். இங்க வந்து ஒரு கேள்வி கேட்டு நம்மளைத் தொந்தரவு பண்ணமாட்டாரு. போன வருஷம் என்ன எழுதணும்னு அவருக்கே தெரியும், இந்த வருஷம் என்ன எழுதணும்னும் தெரியும். செடியோட வருவாரு, படம் எடுப்பாரு, போயிடுவாரு."

துருவி வெளியே வந்ததும் குழாயைத் தேடிக் கை கழுவினார். மறுபடி கழுவினார்.

"கழுவிக் கழுவித் தோலை உரிச்சுடாதீங்க பாஸ்," என்றாள் ரேடியோ. "அடுத்து எங்க?"

"மாடிக்கு."

ஆடிட்டரின் அறை குளுகுளுவென்று இருந்தது. கீழே நீராவியில் வெந்துகொண்டிருக்கிற பெண்களுக்கும் இந்த அறைக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு தளம். மூலையில் வாசனை மருந்து பீய்ச்சுகிற டப்பா. ஜன்னலோரம் அந்தத் தொட்டி, வாயில் அதே சில்லு. ரேடியோ போய் இலையைச் சுண்டினாள். டப் என்று சத்தம் வந்தது. தூசி பறந்தது.

"பிளாஸ்டிக் பாஸ்! பச்சை ரிப்போர்ட்டுக்குப் பிளாஸ்டிக் செடி. தண்ணிச் சிக்கனம்னா இதுதான்."

தம்பி நாற்காலியில் நிமிர்ந்தான். "பைப் கிடைச்சுதா சார்?"

"இல்லாத பைப் எப்படிக் கிடைக்கும்? உங்கக்காவோட ரிப்போர்ட்டைக் கொஞ்சம் கொடுங்க."

"அது கான்ஃபிடென்ஷியல் சார். க்ளையன்ட் அனுமதி இல்லாம..."

"க்ளையன்ட் கீழே நின்னு பெட்ஷீட் மடிக்கிறாங்க. கூப்பிடட்டுமா?"

கொடுத்துவிட்டான். துருவி நின்றபடியே படித்தார். சலவைக்கூடம் எடுத்த தண்ணீர் ஒரு இடத்தில் இருந்தது. வெளியே விட்ட கழிவு இன்னொரு இடத்தில் இருந்தது. படித்ததை நம்ப முடியாமல் திரும்பவும் படித்தார். பிறகு காகிதத்தை ரேடியோவிடம் நீட்டினார்.

ரேடியோ வாயைப் பிளந்தாள். "உள்ளே போனதைவிட வெளியே வந்தது ஜாஸ்தியா? பாஸ், குடிச்சதைவிட அதிகமா ஒண்ணுக்குப் போற ஆளை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

"அதுவும் சலவைக்கூடத்துல," என்றார் துருவி. "துணி ஈரமாத்தான் வெளியே வருது. காய வைக்கிறப்போ அந்தத் தண்ணி ஆவியாப் போகுது. எப்பவும் விட்டது குறைவாத்தான் இருக்கும். கீழே ஒரு தடவை இறங்கி அந்த ஆவியில நின்னிருந்தாக்கூட இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டீங்க. உலோகத்துக்கு என்ன எழுதியிருக்கீங்க? 'பட்டறைத் தொழிலாளர் சீருடைகளைத் துவைப்பதால்.' இங்க ஆஸ்பத்திரித் துணி தவிர வேற என்ன வருது?"

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவன் முகத்தில் பயம் தெரிந்தது. வெட்கம் தெரியவில்லை. துருவி அதைத்தான் தேடிப் பார்த்தார்.

"டேலி ஆகணுமே சார்," என்றான் தாழ்ந்த குரலில். "நீங்களும் ஆடிட்டரா இருந்தவர்தானே, உங்களுக்குப் புரியும். நிலையத்துல மீட்டர் இருக்கு. சந்திலேர்ந்து மொத்தம் எவ்வளவு வருது, அதுல என்ன கலந்திருக்குன்னு அது காட்டிடும். எல்லா ரிப்போர்ட்டையும் கூட்டினா அந்த மொத்தம் வரணும். ஆனா எந்தப் பட்டறைக்காரரும் உண்மையை எழுதவிட மாட்டாங்க. எழுதினா ஆர்டர் போயிடும். வேற ஆடிட்டரைப் பார்த்துக்கறேம்பாங்க. நான் என்ன பண்றது?"

"வேற ஆடிட்டரைப் பார்க்கச் சொல்றது."

"பேசறது சுலபம் சார்."

"சுலபம்தான். அதனாலதான் நான் வேலையை விட்டுட்டு இப்போ சாக்கடையில உக்காந்திருக்கேன்." துருவி ரேடியோவைப் பார்த்துச் சொன்னார்: "உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். கணக்குல ரெண்டு பக்கமும் ஒத்துவரலேன்னா, வித்தியாசத்தை அனாமத்துக் கணக்குன்னு ஒண்ணைத் திறந்து அதுல போட்டு வைப்போம். எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியாத தொகை தற்காலிகமாத் தங்கற இடம் அது. அப்புறம் தேடிப் பிடிச்சு உரிய இடத்துல சேர்க்கணும். இவரு சாக்கடைக்கும் அதையே பண்ணியிருக்காரு. முலாம் பட்டறை விட்டது, பெயின்ட் ஷெட் விட்டது, அச்சகம் விட்டது, யாரும் ஒத்துக்காத அத்தனை கழிவையும் கூட்டி வித்தியாசமா எடுத்தாரு. போட ஒரு இடம் வேணும். கூடப் பிறந்தவளையே இந்தச் சந்தோட அனாமத்தா ஆக்கிட்டாரு."

ரேடியோவுக்குப் பேச்சு வரவில்லை. அவள் வந்து சேர்ந்த நாளிலிருந்து துருவி அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை.

"சரி பண்ணிடலாம்னுதான் இருந்தேன்," என்றான் தம்பி. "அடுத்த வருஷம் கொஞ்சம் கொஞ்சமா மத்தவங்களுக்குப் பிரிச்சுப் போட்டு..."

"சின்னப் பட்டறைக்காரங்களுக்கு வக்கீல் கிடையாது, என்ஜினியர் கிடையாது. இருக்கறது ஒரே ஒரு ஆடிட்டர். அவர் விரலை வெச்ச இடத்துல கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறாங்க. நீங்க ஒரு நாளாவது படியிறங்கிப் போய் அந்தச் சாக்கடையை எட்டிப் பார்த்திருக்கீங்களா?"

"அது என் வேலை இல்ல சார். நான் நம்பரைத்தான் பார்க்கணும்."

துருவிக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்புவதற்கு அந்த அறையில் இடமில்லை. அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தான். கீழே ஓடுகிற மஞ்சள் கழிவுக்காவது தான் நாறுகிறோம் என்கிற நேர்மை இருந்தது. இது சென்ட் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கதவு திறந்தது. லாண்டரி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி மூச்சு வாங்க நின்றாள்.

"தம்பி, அதிகாரி வந்துட்டாருப்பா. அரக்கும் நூலும் கையோட கொண்டு வந்திருக்காரு. பொண்ணுங்க எல்லாம் அழுவுது. எனக்கு அவரு கேக்கறது ஒண்ணும் புரியல. நீ படிச்சவன், நீ வந்து பேசு."

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ரேடியோ தலையைக் குனிந்துகொண்டாள்.

துருவி பூசி மெழுகவில்லை. இருக்கிறபடி சொன்னார். பைப் இல்லை, டெஸ்ட் நடக்கவில்லை, சந்தின் அழுக்கு முழுவதும் அவள் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது, எழுதிய கை இதோ என்று. சொல்லி முடிக்கும் வரை அக்கா குறுக்கே பேசவில்லை. பிறகு தம்பியின் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நெசமா?"

"அக்கா, அபராதம்தான் வரும். நான் கட்டிடறேன். கொஞ்ச நாள் மூடி வெச்சுட்டு மறுபடி திறந்துக்கலாம். இது வெளியே தெரிஞ்சா என் லைசென்ஸ் போயிடும். நீ பட்ட பாடெல்லாம் வீணாயிடும்கா."

"அதைக் கேக்கல. சந்துல இத்தனை பட்டறை இருக்கே. எதுக்கு என் பேரு?"

தம்பி கொஞ்சம் யோசித்தான். யோசித்த பிறகும், பொய் சொல்லக்கூடத் தோன்றாமல், இது தெரியாதா என்கிற மாதிரி சொன்னான்.

"மத்தவங்க படிச்சுப் பார்ப்பாங்க. கேள்வி கேப்பாங்க. நீ என் அக்காதானே. நீ கேக்கமாட்டே."

அக்காவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவன் தோற்றுத் தோற்று எழுதிய பரீட்சை ஒவ்வொன்றுக்கும் அடுத்தவர் வீட்டு அழுக்கைத் துவைத்துக் கட்டணம் கட்டியவள் அவள். ரத்தம் தோய்ந்த துணிக் கட்டைப் பிரிக்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இப்போதும் இருந்தது. எது எதில் ஊற வேண்டும், எது எதில் கொதிக்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்கிற முகம்.

"எழுந்து வா," என்றாள்.

தம்பியின் முகம் தெளிந்தது. அக்கா எப்போதும் போல விழுங்கிக்கொண்டாள், கீழே போய் அதிகாரியிடம் தான் பேசி முடித்துவிடலாம் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. சட்டையை நீவி விட்டுக்கொண்டு, ரிப்போர்ட்டைத் துருவியின் கையிலிருந்து எடுக்கப் பார்த்தான். அக்கா முந்திக்கொண்டு வாங்கி, மடித்து, தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

கீழே மெஷின்கள் நின்றிருந்தன. பெண்கள் பாதி மடித்த பெட்ஷீட்களைக் கையில் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். அதிகாரி வாசல் தாழ்ப்பாளில் நூலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்தால் போதும், இந்த நாற்றத்திலிருந்து கிளம்பலாம் என்கிற அவசரம் அவர் மூக்கில் தெரிந்தது.

"யாரும்மா உங்க சார்பா பேசப்போறது?"

தம்பி முன்னால் வந்து கையை நீட்டினான். "வணக்கம் சார். நான் இவங்களோட..."

"எங்க ஆடிட்டர் சார்," என்றாள் அக்கா.

தம்பி திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"இந்தச் சந்துக்கே அவர்தான் ஆடிட்டர். எல்லாருக்கும் ரிப்போர்ட் எழுதினது அவரே. என்னோடதும்தான். இதுவரைக்கும் எனக்காக அவர் பேசினாரு. இனிமே நான் பேசிக்கறேன். நீங்க பூட்டறதா இருந்தா பூட்டுங்க சார், ஆனா அதுக்கு முன்னாடி எங்க தொட்டியிலயும் பின்னாடி சாக்கடையிலயும் ஒரு பாட்டில் தண்ணி எடுங்க. எடுத்துட்டு வாங்க. நான் கேள்வி கேக்கணும், அவர் பதில் சொல்லணும், நீங்க எழுதிக்கணும்."

அதிகாரி நூலைப் பிடித்த கையோடு துருவியைப் பார்த்தார். துருவி தலையாட்டிவிட்டு, மஞ்சள் பிடித்த துண்டும் சாம்பல் துண்டும் தொங்கிய குச்சிகளைப் பின்பக்கத்திலிருந்து எடுத்து வந்து நீட்டினார். அதிகாரி முகத்தைச் சுளித்தார். அரக்கைப் பைக்குள் திருப்பிப் போடவில்லை. ஆனால் தீப்பெட்டியை மூடிவிட்டார்.

"அக்கா..." என்றான் தம்பி.

அவள் ரிப்போர்ட்டைப் பிரித்து, அவன் விரல் வைத்துக் காட்டித் தான் கையெழுத்துப் போட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். எழுத்துக் கூட்டி, முதல் வரியிலிருந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். படித்து நிறுத்தினாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்? சொல்லுங்க சார். எங்க பொண்ணுங்களுக்கும் புரியற மாதிரி சொல்லுங்க."

பெண்கள் பெட்ஷீட்களைக் கீழே வைத்துவிட்டு நெருங்கி வந்தார்கள். தம்பியின் வாய் திறந்து மூடியது. சின்ன வயதில் அவன் திணறும்போதெல்லாம் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவள் எதிரில்தான் நின்றிருந்தாள். இந்தத் தடவை அவள் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை.